தண்டுவட அழற்சி வந்து போன பிறகு

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ்’ என்று எழுதியிருக்கும். வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். போன வாரம் வரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை; சிறுநீர் தானாகப் பிரியவில்லை. பார்க்க வருகிற உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “எப்ப எழுந்து நடப்பாரு?”

கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்த நோயில் நடை என்பது வெளியே தெரிகிற பகுதி. ஆறு மாதத்தில் கைத்தடியோடு நடந்து வருகிற ஒருவர், ராத்திரி முழுக்கக் கால் எரிச்சலில் தூங்காமல் இருக்கலாம். கழிவறை எங்கே என்று தெரியாத இடத்துக்குப் போகவே பயப்படலாம். சக்கர நாற்காலியில் இருக்கிற இன்னொருவர் வேலைக்குப் போய்க்கொண்டு நிம்மதியாகவும் இருக்கலாம். யார் எப்படி வாழப்போகிறார்கள் என்பதைச் சிறுநீர்ப்பை, தோல், வலி, வெயில், அசதி போன்ற யாரும் விசாரிக்காத விஷயங்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

தண்டுவடத்தில் என்ன நடக்கிறது

மூளையின் அடியிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்குகிற நரம்புத் திசுதான் தண்டுவடம். பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் தடிமன். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடலுக்குப் போகின்றன. காலை மடக்கு என்ற கட்டளை இதன் வழியாகத்தான் இறங்குகிறது. கால் சுடுகிறது என்ற சேதி இதன் வழியாகத்தான் ஏறுகிறது. சிறுநீர்ப்பை, குடல், வியர்வை, ரத்த அழுத்தம் இவற்றுக்கான கட்டுப்பாடுகளும் இதே சுண்டுவிரல் தடிமனுக்குள்தான் ஓடுகின்றன. மாற்றுப் பாதை கிடையாது.

இந்தத் தண்டுவடத்தின் ஏதோ ஒரு மட்டத்தில் அழற்சி வருவதுதான் இந்த நோய். பெரும்பாலும் காரணம் நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே. கிருமியை எதிர்க்க வேண்டிய அது, நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற கொழுப்பு உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்தால் சேதி மெதுவாகப் போகும், அல்லது போகாது. உறையோடு சேர்ந்து உள்ளே இருக்கும் இழையும் அறுந்துபோனால் பாதிப்பு ஆழமாகிறது.

அழற்சி எந்த மட்டத்தில் வந்ததோ, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பாதிக்கப்படும். கழுத்தில் வந்தால் கையும் காலும். நடுமுதுகில் வந்தால் கால்கள் மட்டும். நடுமுதுகில் வருவதுதான் அதிகம். பல நோயாளிகள் வயிற்றில் கையை வைத்து, “இதுக்குக் கீழ மரத்துப்போச்சு” என்று கோடு போட்டதுபோல் காட்டுவார்கள். அந்தக் கோடு தொப்புளில் இருந்தால் பத்தாவது மார்பு நரம்பு மட்டம், மார்புக் காம்பில் இருந்தால் நான்காவது. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே மருத்துவர் இடத்தைக் கணிப்பது இப்படித்தான்.

பக்கவாதத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பக்கவாதம் மூளையில் வருவது, பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தைப் பிடிக்கும், நொடியில் வரும். இது பொதுவாக இரண்டு கால்களையும் பிடிக்கும். சில மணி நேரம் முதல் மூன்று வாரம் வரை கூடிக்கொண்டே போகும். 2002இல் இதற்கென்று கூடிய ஒரு நிபுணர் குழு, பாதிப்பு உச்சத்தைத் தொட 4 மணி நேரம் முதல் 21 நாள் வரை ஆகும் என்று வரையறுத்தது. நிமிடங்களில் உச்சம் தொட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டதா என்று யோசிப்பார்கள். மாதக்கணக்கில் மெல்லக் கூடினால் கட்டி, பி12 குறைபாடு என்று வேறு பக்கம் தேடுவார்கள்.

அரிதான நோய்தான். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் எட்டுப் பேர் வரை என்று பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 10 முதல் 19 வயதிலும், 30 முதல் 39 வயதிலும் அதிகம் வருகிறது. படிக்கிற பிள்ளை, இல்லையென்றால் சம்பாதிக்கிற ஆள்.

ஏன் வருகிறது

கணிசமானவர்களிடம் காரணம் கடைசி வரை பிடிபடுவதே இல்லை. பலருக்கு ஒரு காய்ச்சலோ சளியோ வந்து ஓரிரு வாரத்தில் இது தொடங்குகிறது. கிருமி போன பிறகும் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் தன் நரம்பையே தாக்குவதால் வருவது அது. 1948இல் இங்கிலாந்து மருத்துவர் சூச்செட்-கே இந்தப் பெயரால் விவரித்த நோயாளிக்கும் நிமோனியாவுக்குப் பிறகுதான் கால்கள் செயலிழந்தன.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய அந்தத் தடுப்பு மருந்து ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆட்டு மூளை மருந்து தயாரானது. மூளைத் திசு என்றால் அதில் மையலின் இருக்கும். அதை ஊசியில் ஏற்றும்போது சிலருக்கு உடல் தன் மையலினையே எதிரியாகப் பார்க்கப் பழகிவிட்டது. தண்டுவட அழற்சி வந்தது. 2000களின் நடுவில் இந்தியா அந்த மருந்தைக் கைவிட்டுவிட்டது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாராகும் வேறு மருந்து. அதில் மூளைத் திசு கிடையாது. பழைய பயத்தை வைத்துக்கொண்டு நாய்க்கடி ஊசியைத் தட்டிக்கழிப்பது உயிரோடு விளையாடுவது.

வேறு சிலருக்கு இது ஒரு பெரிய நோயின் முதல் அடியாக இருக்கும்: மூளையிலும் தண்டுவடத்திலும் மையலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் போன்றவை. அதனால்தான் முதுகுக்கு மட்டுமில்லாமல் மூளைக்கும் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள், முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்க்கிறார்கள், ரத்தத்தில் அக்வாபோரின்-4, மாக் என்ற இரண்டு எதிர்ப்பொருள்களைத் தேடுகிறார்கள். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அதிகம் என்பதால் அது தண்டுவடத்தை அழுத்துகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ‘எதுக்கு இத்தனை டெஸ்ட்?’ என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று: இந்த நோய் ஒரு தடவையோடு போகுமா, திரும்ப வருமா என்ற கேள்விக்குப் பதில் அந்த எதிர்ப்பொருள் பரிசோதனையில் இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எதையாவது குறைக்கலாம்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நரம்பு வழியாக, பெரும்பாலும் தினம் 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றுவார்கள். அதற்குக் கட்டுப்படவில்லை என்றால் ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து எடுத்து மாற்றுகிற பிளாஸ்மா பரிமாற்றம், பொதுவாக ஐந்து முதல் ஏழு தடவை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. திடீரென்று இரண்டு காலும் தளர்ந்து சிறுநீரும் அடைத்துக்கொண்டால், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லவே கூடாது.

வெள்ளம் வடிந்த பிறகு

குடும்பங்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ‘ஸ்கேன்ல வீக்கம் குறைஞ்சிருச்சுன்னு சொன்னாங்க, ஆனா கால் வரலையே?’ ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊருக்கு ஒரே பாலம் என்று வையுங்கள். வெள்ளம் பாலத்தை மூழ்கடித்தால் போக்குவரத்து நின்றுவிடும். ஸ்டீராய்டு வெள்ளத்தை வடிய வைக்கிறது. வடிந்த பிறகுதான் பாலத்தில் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பது தெரியும். வெறும் நீர் மூடியிருந்த இடம் உடனே திறக்கும். மேல் பூச்சு போன இடத்தைப் பூச மாதங்கள் ஆகும். தூணே போன இடம் போனதுதான்.

உடலின் மொழியில் சொன்னால்: அழற்சியால் வந்த வீக்கம் வடிவதால் வருகிற முன்னேற்றம் முதல் சில வாரங்களில் தெரியும். மையலின் உறை ஓரளவு மறுபடி வளர்வதும், மிச்சமிருக்கிற நரம்புகள் கூடுதல் வேலையை எடுத்துக்கொள்வதும் மாதக்கணக்கில் நடக்கும். தண்டுவடத்துக்குள் முழுதும் அறுந்த இழைகள், கைகால் நரம்பைப்போல மறுபடி வளர்வதில்லை.

மருத்துவப் புத்தகங்களில் பல காலமாக இருக்கும் பொதுக் கணக்கு இது: மூன்றில் ஒரு பங்கினர் ஏறக்குறைய முழுதாக மீள்கிறார்கள், ஒரு பங்கினருக்கு ஓரளவு குறை நிற்கிறது, ஒரு பங்கினருக்குப் பெரிய குறை நிற்கிறது. எந்தப் பங்கில் யார் என்பதை முதல் வாரத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில மணி நேரத்திலேயே உச்சம் தொட்டது, கால்கள் முழுதும் துவண்டுபோனது போன்றவை நல்ல அறிகுறிகள் அல்ல. முன்னேற்றம் பொதுவாக முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கும். முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும், பிறகு இரண்டு வருடம் வரை மெதுவாகவும் தொடரலாம். மூன்று முதல் ஆறு மாதம் வரை ஒரு மாற்றமும் இல்லை என்றால் பெரிய மீட்சிக்கான வாய்ப்பு குறைகிறது. அப்போதும் பயிற்சியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பயிற்சியின் நோக்கம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் விக்டோரியா ஆர்லன் கதையைச் சிலர் காணொளியில் பார்த்திருக்கலாம். 11 வயதில், 2006இல், இந்த அழற்சியும் மூளை அழற்சியும் சேர்ந்து தாக்கி, பல வருடம் அசைவில்லாமல் படுக்கையில் கிடந்தவர். 2012 லண்டன் பாராலிம்பிக்ஸில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். 2016இல் நடக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் தொலைக்காட்சி நடனப் போட்டியில் ஆடினார். இதைப் பார்த்துவிட்டு, ‘பாத்தியா, மனசு வெச்சா முடியும்’ என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். அவருடைய மீட்சி மிக மிக அரிது. அதோடு, அந்த நடனத்தை ஆடியபோதும் அவருக்குக் கால்களில் உணர்வு இல்லை என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நடை வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இறுக்கமும் வலியும்

முதல் வாரங்களில் கால் துணியாகத் துவண்டு கிடக்கும். பிறகு ஒருநாள் தானாக மடங்கும், வெட்டி வெட்டி இழுக்கும், விறைத்துக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்: ‘காலுக்கு உயிர் வந்திருச்சு!’ இதை மெதுவாகத்தான் விளக்க வேண்டும். மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தண்டுவடம் தானாகச் செய்கிற அனிச்சை அசைவு அது. சொன்னபோது அசைகிறதா என்பதே கேள்வி. ‘கட்டைவிரலை ஆட்டு’ என்றால் ஆடுகிறதா? அது துளி அசைவாக இருந்தாலும் உண்மையான முன்னேற்றம்.

இறுக்கம் முழுக்கவும் எதிரி அல்ல. வலுவில்லாத கால் விறைப்பாக இருப்பதால்தான் சிலரால் எழுந்து நிற்க முடிகிறது. மாத்திரையைக் கூட்டி இறுக்கத்தை முழுதும் எடுத்துவிட்டால் முட்டி மடங்கி விழுவார்கள். அதனால் பாக்லோபென், டைசானிடின் போன்றவற்றின் அளவைப் பிசியோதெரபிஸ்ட்டும் மருத்துவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்வது நல்லது. பாக்லோபெனைச் சொந்தமாகத் திடீரென நிறுத்தக்கூடாது. வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். வழக்கத்தைவிட இறுக்கம் திடீரென்று கூடினால் எங்கோ கோளாறு என்று அர்த்தம்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், ஏன், சதைக்குள் வளர்ந்த கால் நகம்கூடக் காரணமாக இருக்கலாம். வலியை உணர முடியாத உடல் அப்படித்தான் புகார் சொல்கிறது.

வலி என்றதும் பாரசிட்டமால் கொடுப்பார்கள், கேட்காது. காரணம், புண் காலில் இல்லை. சேதியைக் கொண்டுபோகிற தண்டுவடத்திலேயே இருக்கிறது. நோயாளிகள் சொல்வதைக் கேளுங்கள்: ‘மிளகாய் தடவின மாதிரி எரியுது’, ‘இடுப்பச் சுத்திக் கச்சை கட்டி இறுக்கின மாதிரி இருக்கு’, ‘தலையக் குனிஞ்சா முதுகுல கரண்ட் பாயுது’. தொட்டால் உணர்வில்லாத கால் எரிகிறது என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள். நடிப்பு, மனப்பிரமை என்று நினைப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். சேதம் பட்ட நரம்பு, வெளியிலிருந்து வருவதைக் கடத்தாமல், தானே பொய்ச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்கான மருந்துகள் வேறு: கேபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின். கடைசி இரண்டும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. மருந்துக்கடையில் யாராவது, ‘இது டிப்ரஷன் மாத்திரை ஆச்சே’ என்று சொல்ல, பயந்து நிறுத்தியவர்கள் ஏராளம். நரம்பு வலிக்கும் அவை நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரு கவனம் தேவை: அமிட்ரிப்டிலின் சிறுநீர் தங்குவதைக் கூட்டக்கூடும் என்பதால், எழுதித் தருகிறவரிடம் சிறுநீர்ப்பைப் பிரச்சினையைச் சொல்லிவிட வேண்டும். எந்த மருந்தும் இந்த வலியைப் பூஜ்யமாக்காது. தூங்க முடிகிறது, வேலை செய்ய முடிகிறது என்ற அளவுக்குக் குறைந்தால் அதையே வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம்.

சிறுநீர்ப்பை

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுதான். வெட்கத்தால் யாரும் பேசாததும் இதுதான்.

சிறுநீர்ப்பைக்கு இரண்டு வேலை: நிரம்பும் வரை பிடித்துவைப்பது, சமயம் வந்ததும் வாயைத் திறந்து முழுக்க வெளியேற்றுவது. இரண்டையும் ஒத்திசைப்பது தண்டுவடம் வழியாக வரும் கட்டளை. அது குலைந்தால், பை இறுகிப் பிழியும் நேரத்தில் வாயும் இறுகிக்கொள்ளும். சிறுநீர் தங்கும், தொற்று வரும், அழுத்தம் கூடிப் பின்பக்கமாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். வெளியே எந்த வலியும் தெரியாமல் வருடக்கணக்கில் இது நடக்கலாம். ‘கொஞ்சம் கொஞ்சமா ஒழுகுது, அதனால போகுதுன்னு அர்த்தம்’ என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். நிரம்பி வழிவதும் ஒழுகுவதுபோலத்தான் இருக்கும். போன பிறகு எவ்வளவு மிச்சம் தங்குகிறது என்பதை ஸ்கேனில் பார்த்துவிடலாம். யூரோடைனமிக்ஸ் என்ற பரிசோதனை அழுத்தத்தைச் சொல்லும்.

சிறுநீர் முழுக்க வெளியேறாதவர்களுக்கு மிகச் சிறந்த வழி, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூபைத் தானே செருகி, வடித்துவிட்டு எடுத்துவிடுவது. மருத்துவமனைகளில் சி.ஐ.சி. என்பார்கள். 1972இல் அமெரிக்காவில் ஜாக் லேபிடஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், இதற்கு அறுவை அரங்கச் சுத்தம் வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவினாலே போதும் என்று காட்டினார். அன்றைக்குப் பலருக்கு அது அதிர்ச்சி. பையில் சிறுநீரைத் தேங்கவிடாமல் இருப்பதே தொற்றைத் தடுக்கிறது என்பது அவர் வாதம். அந்த ஒரு மாற்றம் உலகமெங்கும் எண்ணற்றவர்களின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனாலும் நம் ஊரில் நிரந்தர டியூபும் பையும் மாட்டி அனுப்பிவிடுவது நடக்கிறது. கற்றுக்கொடுக்க ஆளில்லை, நேரமில்லை. கை நன்றாக வேலை செய்கிற நோயாளி என்றால், சி.ஐ.சி. சொல்லிக்கொடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். பெண்களுக்கு முதலில் கண்ணாடி வைத்துப் பழக்குவார்கள். சில நாளில் கண்ணாடி தேவைப்படாது. இன்னொன்று: சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, சோதனையில் கிருமி தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியதில்லை. டியூப் போடுகிறவர்களிடம் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், குளிர் நடுக்கம், இறுக்கம் கூடுவது, புதிதாக ஒழுகுவது என்று ஏதாவது இருந்தால்தான் சிகிச்சை.

குடலுக்கு மந்திரம் ஒன்றே: நேரம். தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில், சாப்பிட்டு அரை மணிக்குள் உட்கார வேண்டும். சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும் என்பதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் இது. தேவைப்பட்டால் ஆசனவாயில் வைக்கும் மருந்து. இந்திய முறைக் கழிவறை இனி சரிப்படாது. உயரமான இருக்கை வேண்டும். வீட்டில் முதலில் செய்ய வேண்டிய கட்டட வேலை அதுதான்.

உணர்வில்லாத தோல்

நாம் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே நெளிந்துகொண்டிருக்கிறோம். உணர்வில்லாதவர் நெளிய மாட்டார். எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப் புண்ணாகும். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், சக்கர நாற்காலியில் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்வதும் இதற்காகத்தான். ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்தக்கூடாது. நடுவில் ஓட்டை உள்ள டியூப் மெத்தையில் உட்காரவைப்பதும் வேண்டாம். ஓட்டையைச் சுற்றி அது மேலும் அழுத்தும். ராத்திரி படுக்கும் முன் குதிகால், பிட்டம், முதுகின் அடிப்பகுதி மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சிவப்பு அழுத்தியும் மறையாமல் இருந்தால் அன்றே அந்த இடத்துக்கு ஓய்வு. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூடாக, கடினமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

சூடு இன்னொரு ஆபத்து. ஒத்தடம், வெந்நீர்ப் பை, மடியில் வைத்த லேப்டாப், பைக் சைலன்சர், சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் — இவை எல்லாம் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியவரும்.

எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்பார்கள். மெதுவாகத் தேய்த்தால் தோலுக்கு நல்லதுதான். அழுத்திப் பிசைவதும், சுளுக்கு எடுப்பதுபோல் முறுக்குவதும் கூடாது. நடமாட்டம் இல்லாத காலின் எலும்பு மெலிந்து லேசில் முறியும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் தொடவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும். உடனே மருத்துவமனை.

வெயிலும் அசதியும்

1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப், சில நோயாளிகளுக்கு உடற்பயிற்சி செய்ததும் பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் திரும்புவதைக் கவனித்தார். உறை போன நரம்பு சூட்டைத் தாங்காது. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சேதி தடுமாறும் என்பது பின்னால் தெரிந்தது. தண்டுவட அழற்சி வந்தவர்களில் பலருக்கும் இது பொருந்தும். ஏப்ரல் மே மாதங்களில், ‘காலையில நல்லாத்தான் நடந்தேன், மத்தியானம் கால் பின்னுது’ என்பார்கள். நோய் திரும்பவில்லை, வெயில். பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்றுவது, ஈரத்துண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்காருவது என்று எளிய வழிகளே போதும். பாதிப்பு மட்டத்துக்குக் கீழே சிலருக்கு வியர்ப்பதும் இல்லை என்பதால் சூடு உடலில் தங்கிவிடும். இவர்களை வெயிலில் காத்திருக்க வைக்கக்கூடாது.

அசதி வேறு. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் பத்து மணிக்கே மின்சாரம் போனதுபோல் இருக்கும். சோம்பேறித்தனம் என்று பேர் வாங்கிக்கொடுக்கும் அறிகுறி இது. பாதி சேதப்பட்ட நரம்பு வழியாக ஒரு காலைத் தூக்கவே இரட்டிப்பு உழைப்பு வேண்டியிருக்கிறது என்பதை வீட்டார் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். மனச்சோர்வும் அதிகம் வருகிறது. தூக்கமில்லை, எதிலும் விருப்பமில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அதற்கும் தனியாக மருத்துவம் உண்டு. தாம்பத்தியத்தைப் பற்றி மருத்துவர் பெரும்பாலும் பேச மாட்டார். நீங்கள் கேட்க வேண்டும். ஆண்களுக்கு மருந்துகள் இருக்கின்றன. பெண்களுக்குக் கருத்தரிப்பதில் பொதுவாகத் தடையில்லை.

பயிற்சி எங்கே, எதற்கு

மறுவாழ்வுப் பயிற்சி என்றால் கால் அசைப்பது மட்டும் என்று நினைக்கிறோம். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தொங்கும் பாதத்துக்கு ஸ்பிளின்ட் போட்டு நடப்பது, சிறுநீர், தோல், வேலைக்குத் திரும்புவது என எல்லாம் அதில் அடக்கம். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கு வேர் போட்டவர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் தலைமையில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் வந்தது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், முதுகுத்தண்டுக் காயத்தால் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் தண்டுவட பாதிப்பு வந்தவர்களுக்குப் பயிற்சி தருகிறது. காரணம் விபத்தோ அழற்சியோ, வாழப் பழகுகிற பாடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

‘ஸ்டெம் செல் போட்டா நடந்துடலாம்’ என்று லட்சங்களில் பேசுகிறவர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இந்த நோய்க்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. அந்தப் பணத்தில் நல்ல சக்கர நாற்காலி, கழிவறை மாற்றம், ஒரு வருட பிசியோதெரபி மூன்றும் முடிந்துவிடும்.

குறை நிலைத்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். 2016 சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகள் உண்டு. தமிழ்நாட்டில் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். ‘சான்று வாங்கினா இனி நடக்கவே மாட்டான்னு ஆயிடும்’ என்று அம்மாக்கள் தள்ளிப்போடுவார்கள். காகிதத்துக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை.

திரும்ப வருமா?

காரணம் தெரியாத வகை பெரும்பாலும் ஒரே தடவைதான். அக்வாபோரின் எதிர்ப்பொருள் இருந்தால் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். அவர்கள் நோய் திரும்புவதைத் தடுக்கும் மருந்தை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பழைய அறிகுறிகள் காய்ச்சலிலோ வெயிலிலோ கூடி, தணிந்ததும் குறைந்தால் அது புதிய தாக்குதல் அல்ல. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய தளர்ச்சியோ, மரத்துப்போகும் கோடு மேலே ஏறுவதோ, ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குவதோ 24 மணி நேரத்தைத் தாண்டி நீடித்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு அவசரம், ஆறாவது மார்பு நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு. திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, ரத்த அழுத்தம் எகிறுவது. கீழே எங்கோ ஒரு தொந்தரவுக்கு உடல் கட்டுப்பாடில்லாமல் எதிர்வினை காட்டுகிறது. பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு, அடுத்து மலச்சிக்கல். படுத்திருப்பவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சிறுநீரை வடிக்க வேண்டும். குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸ்.

பல அவசரப் பிரிவு மருத்துவர்கள் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரு தாளில் நோயின் பெயர், வந்த மாதம், பாதிப்பு மட்டம், எதிர்ப்பொருள் முடிவு, சாப்பிடும் மருந்துகள், சிறுநீர் போகும் முறை, வழக்கமான ரத்த அழுத்தம், பார்க்கும் மருத்துவரின் எண் எல்லாவற்றையும் எழுதி, சக்கர நாற்காலிப் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று, கூடவே இருப்பவரின் போனில் படமாக ஒன்று என வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றுங்கள்.